தாளில் ஓடும் நிரல்

தமிழ்நாட்டில் கணிப்பொறி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவரிடம், கல்லூரிக் காலத்தில் நீங்கள் மிகுதியாக எழுதிய வாக்கியம் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். 'இவ்வாறாக நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு, வெளியீடு சரிபார்க்கப்பட்டது.' ஆய்வக ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பயிற்சியின் இறுதியிலும் ஆங்கிலத்தில் இதை எழுதியாக வேண்டும். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் என்று பாட்டியல் நூல்கள் வகுத்ததுபோல, ரெக்கார்டு நோட்டுக்கும் நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று ஐந்து உறுப்புகள் உண்டு. அனைத்தும் கையெழுத்தில் இருக்க வேண்டும். திரையில் தோன்றிய விடையைக்கூட இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவார்கள்.

நான் தமிழ் கற்பிப்பவன். முதற்பகுதித் தமிழுக்காக ஆண்டுதோறும் பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல், பி.சி.ஏ. மாணவர்கள் என் வகுப்பில் வந்து அமர்கிறார்கள். மேலே சிலப்பதிகாரம் நடந்துகொண்டிருக்கையில் மேசைக்கடியில் ரெக்கார்டு நோட்டு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் என்பது தமிழாசிரியர் எல்லோரும் அறிந்த இரகசியம். அப்படிப் பிடிபட்ட நோட்டுகளைப் புரட்டியபோதுதான் இந்தக் கேள்வி எழுந்தது. நிரல் என்பது இயந்திரத்துக்கு இடும் கட்டளை, ஓடுவதற்காகவே இருப்பது. அதை ஏன் பக்கம் பக்கமாகக் கையால் எழுத வேண்டும்? சோம்பல், பழமைப்பற்று, தேர்வுமுறை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்த விடைகள் போதவில்லை. இந்தப் பட்டப்படிப்பு இந்தியாவில் பிறந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அந்த நோட்டுக்கு ஒரு கண்ணியமான பூர்வீகம் இருப்பது தெரிந்தது.

உலக அளவிலேயே இது இளைய படிப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953இல் தொடங்கிய கணிப்பொறிப் பட்டயம் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கானது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962இல் தனித்துறை அமைந்தது. ஆனால் இளநிலைப் பட்டம் 1967இல்தான் வந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் 1965இல் இளநிலை மாணவர்களைச் சேர்த்தது. அநேகமாக எங்கும் ஒரே வரிசைதான். முதலில் இயந்திரம், பிறகு அதைக் கையாளத் தெரிந்த கணிதவியலார், பிறகு முதுநிலை, கடைசியில் இளநிலை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அடியிலிருந்து சொல்லித் தரும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற ஐயம் அறிஞர்களுக்கே இருந்திருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கதையின் முதல் அத்தியாயம் கான்பூரில் நடக்கிறது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலும் அதற்கு முன்பே கணிப்பொறிகள் இருந்தன. அவை ஆய்வாளர்களுக்கானவை. மாணவர்களின் கைக்கு என்று ஒரு கணிப்பொறி வந்தது 1963இல், கான்பூர் ஐ.ஐ.டி.க்கு. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அந்நிறுவனத்துக்கு உதவிய காலம் அது. வந்த இயந்திரம் ஐ.பி.எம். 1620. அதை நிறுவிப் பயிற்றுவிக்க வந்தவர்களில் முதன்மையானவர் ஹாரி ஹஸ்கி. அமெரிக்காவில் எனியாக் கணிப்பொறியிலும் பின்னர் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கின் குழுவிலும் பணியாற்றியவர்.

1620ஐப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. அந்த வகையின் முதல் வடிவத்துக்குக் கூட்டத் தெரியாது. கூட்டல் வாய்ப்பாட்டையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் அதன் நினைவகத்தில் ஏற்றி வைத்துவிடுவார்கள். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்றால் அந்த அட்டவணையில் உரிய இடத்தைப் பார்த்து விடை சொல்லும். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியையும் பொன்னிலக்கத்தையும் நெல்லிலக்கத்தையும் தலைகீழாக ஒப்பித்த பிள்ளைகளின் முறையும் ஏறத்தாழ இதுதான். வாய்ப்பாடு நினைவில் இருந்தால் கணக்கு வந்துவிடும். இந்திய மாணவர்களுக்குக் கணிப்பொறியை அறிமுகம் செய்த இயந்திரமே மனப்பாடத்தால் கணக்குப் போட்டது என்பதில் ஏதோ பொருத்தம் இருக்கிறது.

அதே 1963இல் கான்பூரில் ஆசிரியராகச் சேர்ந்தவர் வி. ராஜாராமன். 1933இல் ஈரோட்டில் பிறந்து, டில்லியிலும் பெங்களூரிலும் படித்து, விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். துறையால் மின் பொறியியலாளர். இந்தியாவில் கணிப்பொறிக் கல்வி என்று இன்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அவரும் அவருடைய சகாக்களும் அந்த வளாகத்தில் உருவாக்கியதுதான். நாடெங்கிலுமிருந்து ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் வரவழைத்துப் பத்து நாள் தீவிர வகுப்பு நடத்தி ஃபோர்ட்ரான் கற்பித்தார்கள். அதைவிட முக்கியமானது, பி.டெக். மாணவர் அனைவருக்கும், அவர் கட்டடப் பொறியியல் படித்தாலும் வேதிப் பொறியியல் படித்தாலும், நிரலாக்கத்தைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். இந்தியாவில் கணிப்பொறி முதலில் தனிப் பட்டமாக வரவில்லை. எல்லோருக்குமான எழுத்தறிவாக வந்தது. 1965இல் மின் பொறியியல் முதுநிலைக்குள் ஒரு விருப்பப் பிரிவு, 1971இல் தனி முதுநிலையும் முனைவர் பட்டமும், 1978இல் பி.டெக். இதுதான் கான்பூரின் வரிசை. அலகாபாத்தின் மண்டலப் பொறியியல் கல்லூரி அதற்கு ஓரிரு ஆண்டு முன்பே இளநிலைப் படிப்பைத் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. யார் முதல் என்பது அவர்கள் பிரச்சினை.

இனி, தாளுக்கு வருகிறேன்.

அன்றைய மாணவர் இயந்திரத்தோடு நேருக்கு நேர் அமர்ந்து நிரல் எழுதவில்லை. ஊடே துளை அட்டை இருந்தது. ஓர் அட்டைக்கு எண்பது நிரைகள். ஒரு வரி நிரலுக்கு ஓர் அட்டை. ஃபோர்ட்ரானில் முதல் ஐந்து நிரைகள் வரி அடையாள எண்ணுக்கு. ஆறாவது, முந்தைய அட்டையின் தொடர்ச்சியா என்று காட்டுவதற்கு. ஏழு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளை. மிச்சமுள்ள எட்டு நிரைகள் அட்டையின் வரிசை எண்ணுக்கு. கட்டு கைதவறிக் கொட்டிவிட்டால் மீண்டும் அடுக்குவதற்குத்தான் அந்த வரிசை எண். வெண்பாவின் ஈற்றடிக்கு முச்சீர் என்பதுபோல இதிலும் மீறமுடியாத யாப்பு உண்டு. ஒரு நிரை தள்ளித் துளையிட்டால் தளை தட்டும்.

முதலில் கட்டம் போட்ட தாளில் நிரலை எழுத வேண்டும். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிட வேண்டும். கட்டை மையத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1966இல் கான்பூருக்கு ஐ.பி.எம். 7044 என்ற பெரிய இயந்திரம் வந்தது. அத்தகைய இயந்திரங்களில் பலருடைய கட்டுகளைச் சேர்த்துத் தொகுதியாக ஓட்டுவதே அக்கால வழக்கம். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சிட்ட தாள் கைக்கு வரும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்தத் தாளில் பிழைச் செய்தி மட்டும் இருக்கும். திருத்தி, மறுபடி ஒப்படைத்து, மறுபடி காத்திருக்க வேண்டும்.

பிழைக்கு ஒரு நாள் விலை என்றால் மனிதன் என்ன செய்வான்? தாளிலேயே ஓட்டிப் பார்ப்பான். இந்த மாறியில் இப்போது மூன்று இருக்கிறது, சுழற்சியின் அடுத்த சுற்றில் ஐந்தாகும், இந்த நிபந்தனை பொய்யாகும், ஆகவே வெளியே வரும் என்று ஒவ்வொரு வரியாகத் தானே இயந்திரமாக மாறிப் போய்ப் பார்ப்பான். கட்டம் போட்டு மாறிகளின் மதிப்பை எழுதி அடித்து எழுதிக்கொண்டே போவான். இயந்திரம் அரிதாக இருந்ததால் சிந்தனை மலிவாக இருந்தது. நம் மரபில் இதற்கு இணை உண்டு. ஓலையும் எழுத்தாணியும் எளிதில் கிடைக்காத சூழலில் உருவான நூற்பா எவ்வளவு சுருங்கியிருக்கிறது, அதை எழுதியவர் எழுதுமுன் எவ்வளவு சலித்திருப்பார் என்று தொல்காப்பியம் பாடம் சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சூழலிலிருந்துதான் பாடநூல்கள் எழுந்தன. ராஜாராமனின் வகுப்புக் குறிப்புகள் 1969இல் நிரலாக்கம் பற்றிய நூலாயின. தொடர்ந்து ஃபோர்ட்ரான், கணிப்பொறி அடிப்படைகள் என்று பல நூல்கள், மாணவர் வாங்கக்கூடிய விலையில் பிரெண்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா வெளியீடாக வந்தன. இயந்திரத்தைக் கண்ணால் காணாத ஊர்களுக்கும் அவை போயின. புத்தகத்தை வைத்துக்கொண்டு, இயந்திரம் இல்லாமலே, தாளில் நிரல் கற்க முடியும் என்ற ஏற்பாடு அப்படித்தான் நிலைபெற்றது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழை நாட்டில் ஓர் அறிவுத்துறை பரவ அதைவிட நல்ல வழி அன்று இருந்ததாகத் தெரியவில்லை.

கான்பூரில் பி.டெக். தொடங்கிய அதே 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அது சம்மதிக்கவில்லை. படிப்பு வருகிறது, இயந்திரம் போகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜாராமன் தலைமையிலான குழு, பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் இத்துறைக்கு வர எம்.சி.ஏ. என்ற மூன்றாண்டு முதுநிலைப் படிப்பைப் பரிந்துரைத்தது. கலைக் கல்லூரிகளுக்கு இத்துறையின் கதவைத் திறந்தது அதுதான்.

பிறகு வந்தது 1984. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு அனுமதி தந்த ஆண்டு அது. அதே ஆண்டு நவம்பரில், ராஜீவ் காந்தி பிரதமரான சில வாரங்களில், இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் புதிய கணிப்பொறிக் கொள்கை வந்தது. தமிழ் வாசகர்கள் சுஜாதாவின் கட்டுரைகளில் மட்டும் சந்தித்துவந்த கணிப்பொறி, அடுத்த பத்தாண்டுகளில் ஊர்தோறும் கல்லூரிப் பெயர்ப்பலகையில் ஏறியது. பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று பட்டங்கள் பெருகின. ஆனால் பெயர்ப்பலகையின் வேகத்துக்கு இயந்திரங்கள் வரவில்லை. அந்நாளில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கல்லூரியிலேயே குளிரூட்டப்பட்ட ஓர் அறை, வாசலில் வரிசையாகக் கழற்றி விட்ட செருப்புகள், ஓர் இயந்திரத்துக்கு மூன்று நான்கு பேர். ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். செருப்புக் கழற்றுவது தூசிக்காக என்றார்கள். கர்ப்பகிருகத்துக்கு முன்னால் நிற்கும் பாவனை மாணவர் முகத்தில் வந்துவிட்டது என்னவோ உண்மை.

இந்த இடத்தில்தான் கான்பூரின் தாள் வேறொன்றாக மாறியது. அங்கே தாள், இயந்திரத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு நிறுத்தம். இங்கே அதுவே ஊர் ஆகிவிட்டது. பல்கலைக்கழகத் தேர்வில் நிரலைத் தாளில் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வேண்டும். பயிற்சிகளின் பட்டியல் முன்கூட்டியே தெரியும்; பத்தோ பன்னிரண்டோ நிரல்கள். எழுதிய நிரல் ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை; புத்தகத்தில் உள்ளதுபோல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அப்படியானால் மாணவர் செய்யத்தக்கது ஒன்றே. மனப்பாடம்.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இது இன்னும் எளிதாகிவிட்டது, அதுதான் ஆபத்து. பாடநூல் ஆங்கிலம், விளக்கம் ஆங்கிலம், நிரலின் சொற்களும் ஆங்கிலம். புரியாத ஆங்கிலப் பத்தியை மனனம் செய்து எழுதும் பயிற்சி அவனுக்குப் பள்ளியிலேயே உண்டு. நிரல் அவனுக்கு இன்னோர் ஆங்கிலப் பத்தி. தேர்வறைக் கண்காணிப்பில் நான் பார்த்திருக்கிறேன். எண்களை வரிசைப்படுத்தும் நிரலை ஒரு மாணவன் மளமளவென்று எழுதுவான், அரைப்புள்ளிகூடப் பிசகாது. நடுவில் ஒரு வரி மறந்துவிட்டால் நின்றுவிடுவான். மேலிருந்து வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பான், செய்யுளை மறந்தவன் முதலடியிலிருந்து தொடங்குவதுபோல. அந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்று யோசிக்கலாமே என்பது அவனுக்குத் தோன்றாது. யோசிக்கக்கூடிய பொருளாக அது அவனுக்குக் கொடுக்கப்படவே இல்லை. ஏறுவரிசையில் அடுக்கும் நிரலை எழுதியவனிடம், இதையே இறங்குவரிசைக்கு மாற்று என்று சொன்னால், மாற்றவேண்டியது ஒரே ஒரு குறி; அதற்கு வேறு நிரல் படிக்க வேண்டும் சார் என்பான்.

ரெக்கார்டு நோட்டுகளில் எனக்குத் தொழில்முறையில் ஆர்வமூட்டிய இன்னொன்று உண்டு. அவை மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதப்படுபவை; அந்த மூத்தவர் தமக்கு மூத்தவரைப் பார்த்து எழுதியவர். ஏட்டுச்சுவடிகளின் வழிமுறை என்னவோ அதுவேதான். ஒரே இடத்தில் ஒரே பிழை உள்ள நோட்டுகளை வரிசைப்படுத்தினால், எது எதன் படி, மூல ஏடு யாருடையது என்று சொல்லிவிட முடியும். ஒருமுறை நான்கு நோட்டுகளில் ஒரே அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. நான்கிலும் கடைசி வரி, நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது என்று சாட்சி சொன்னது. பாடபேதம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அந்த நிரல் எந்த இயந்திரத்திலும் ஓடியதில்லை என்பது தெரிந்துவிடும்.

இயந்திரம் இல்லாதபோது வந்த வழக்கம் இயந்திரம் வந்த பிறகும் போகவில்லை. போர்லாண்ட் நிறுவனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளியிட்ட டர்போ சி++, உலகம் கைவிட்டு வெகுகாலத்துக்குப் பிறகும் நம் ஆய்வகங்களில் நீலத் திரையோடு ஓடிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. நோட்டுகளில் இருந்த நிரல்கள் அதில்தான் ஓடும். நோட்டுக்கு ஏற்றபடி இயந்திரத்தை வைத்துக்கொண்டோம். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, இந்த வரலாற்றில் முதல்முறையாக ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் முழுநேரமும் ஓர் இயந்திரம் இருந்தது. தாளின் தேவை அன்றே முடிந்திருக்க வேண்டும். சில கல்லூரிகளில் நிரலை அச்சிட்டு நோட்டில் ஒட்ட அனுமதித்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் தாளையே குற்றவாளியாக்கிவிடவும் எனக்குத் தயக்கம் உண்டு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், இத்துறையின் மூலவர்களில் ஒருவர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். கணிப்பொறி அறிவியலை முதன்முதலாகக் கற்பவர்களுக்கு, அந்த வளாகத்தில் எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாத ஒரு மொழியைக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் யோசனை. ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற ஆசையிலிருந்து மாணவனைக் காப்பாற்ற வேண்டும். ஒரு நிரல் சரியானது என்பதை அவன் எழுதும்போதே கணிதத்தால் நிறுவப் பழக வேண்டும் என்றார். அமெரிக்கச் செழிப்பின் நடுவில் இருந்துகொண்டு, கான்பூரில் வறுமை கற்றுத் தந்ததை அவர் கொள்கையாகவே கேட்கிறார். பலர் எதிர்த்தார்கள். எனக்கும் அது மிகை என்றே படுகிறது. நீச்சலைத் தரையில் கற்பிக்க முடியாது. ஆனால் தாளில் சிந்திப்பதற்கும் தாளில் ஒப்பிப்பதற்கும் உள்ள தூரத்தை அளக்க அந்தக் கட்டுரை நல்ல அளவுகோல்.

நன்னூலார் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில், ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கற்பதில் கால்பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால்பங்கு, பிறருக்கு விரித்துரைக்கும்போதே மீதி நிறையும் என்பார். விரித்துரைக்க முடியாததை அவர் கல்வி என்று கணக்கில் சேர்க்கவில்லை. ஓர் இயந்திரத்தைச் சுற்றி நாலு பேர் நின்ற அந்தப் பழைய ஆய்வகத்தில்கூட, ஒருவருக்கொருவர் ஏன் என்று கேட்டுக்கொள்ளப் பழக்கியிருந்தால் அந்த இரண்டாவது கால்பங்கு கிடைத்திருக்கும். மதிப்பெண் முறை அதைக் கேட்கவே இல்லை.

இப்போது நிலைமை வேறு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ரெக்கார்டு நோட்டில் உள்ள எந்தப் பயிற்சிக்கும் இயந்திரமே சில நொடிகளில் நிரல் எழுதிவிடுகிறது. மனப்பாடத்தின் கடைசிப் பயனும் போயிற்று. அது எழுதித் தருவது பெரும்பாலும் சரியாக இருக்கிறது, சில இடங்களில் நம்பும்படியாகத் தவறாகவும் இருக்கிறது. எந்த இடம் தவறு என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், வரிவரியாக மாறிகளின் மதிப்பை எழுதிக்கொண்டு போகும் அந்தத் துளை அட்டைக் காலத்துப் பழக்கம் வேண்டும்.

எங்கள் கல்லூரியின் கணிப்பொறித் துறையில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். கடந்த இரண்டாண்டுகளாக உள்தேர்வில் அவர் நிரல் எழுதச் சொல்வதில்லை. முழு நிரலை அச்சிட்டுக் கொடுத்து, இதில் ஓரிடத்தில் பிழை இருக்கிறது, எங்கே, ஏன், எந்த உள்ளீட்டுக்கு இது தவறான விடை தரும் என்று கேட்கிறார். முதல் தடவை அறுபது பேரில் ஐந்தாறு பேர்தான் எழுதினார்களாம். எழுதிய ஐந்தாறு பேரின் தாளையும் ஓய்வறையில் எனக்குக் காட்டினார். ஓரத்தில் கட்டம் போட்டு எண்களை எழுதி அடித்து எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் இப்படிக் கேட்பதில்லையே என்று பெற்றோர் சிலர் வந்து குறைபட்டுக்கொண்டதாகவும் சொன்னார். அவர் நிறுத்தவில்லை. அடுத்த தேர்வுக்கு ஏட்டுப் பிழைகளில் நல்ல வகைகள் இருந்தால் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். எழுத்து மாறுவது, வரி விடுபடுவது, ஒரே சொல்லில் முடியும் இரண்டு அடிகளில் கண் தாவி இடையிலுள்ளதை விட்டுவிடுவது என்று சுவடி படியெடுப்போர் செய்யும் பிழைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.